மானிட்டர் இல்லாத ராஸ்பெர்ரி பை: லேப்டாப்பிலிருந்து இணைவது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: வாசகர் ஒருவர் ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற சிறிய கணினி போர்டு வாங்கியிருக்கிறார். மானிட்டரும் கீபோர்டும் இல்லை. பழைய வீடியோ ஒன்றைப் பார்த்து மெமரி கார்டில் ஓஎஸ் ஏற்றி, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் எழுதிய ஃபைல் ஒன்றையும் அதில் போட்டிருக்கிறார். பச்சை விளக்கு ஒழுங்கில்லாமல் மின்னுகிறது. ஆனால் லேப்டாப்பில் எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக வேறொரு கணினிக்குள் நுழையும் கட்டளை) கொடுத்தால் "அப்படி ஒரு ஹோஸ்ட் இல்லை" என்றே வருகிறது. கார்டைத் திரும்பத் திரும்ப எழுதியும் பலன் இல்லை. போர்டு பழுதா என்று கேட்கிறார்.

பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. விளக்கு ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு மின்னுகிறது என்றால் பை கார்டைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓஎஸ் கிளம்பவே இல்லையென்றால் எண்ணி எண்ணி மின்னும். நான்கு முறை மின்னி நின்று மறுபடி நான்கு என்றால் துவக்க ஃபைல் கிடைக்கவில்லை. ஏழு ஏழாக என்றால் ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கர்னல் கிடைக்கவில்லை. உங்களுக்கு இரண்டும் இல்லை. ஆகவே பை நன்றாகத்தான் ஓடுகிறது, உங்கள் வைஃபையில் மட்டும் சேரவில்லை. அதற்குக் காரணம் அந்தப் பழைய வீடியோ.

இடைப்பட்ட ஆண்டுகளில் மூன்று விஷயங்கள் மாறிவிட்டன. முன்பெல்லாம் எஸ்எஸ்எச் தானாகவே ஆன் ஆகியிருக்கும். 2016 நவம்பரில் ராஸ்பெர்ரி பை தயாரிப்பாளர்கள் அதை ஆஃப் செய்து தர ஆரம்பித்தார்கள். வேண்டுமென்றால் நாம்தான் ஆன் செய்ய வேண்டும். அப்புறம், 'பை' என்ற யூசர்நேமும் 'ராஸ்பெர்ரி' என்ற பாஸ்வேர்டும் எல்லா போர்டுகளுக்கும் பொதுவாக இருந்தன. 2022 ஏப்ரலில் அதையும் எடுத்துவிட்டார்கள். மூன்றாவதுதான் உங்களை மாட்டிவிட்டது. 2023 அக்டோபரில் வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பிலிருந்து வைஃபையைக் கவனிப்பது நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல். கார்டின் பூட் பகுதியில் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற பெயரில் ஃபைல் போட்டு வைஃபை விவரம் கொடுக்கும் பழைய முறையை அது கண்டுகொள்வதே இல்லை. பிழை என்றும் சொல்லாது. நீங்கள் எத்தனை முறை எழுதினாலும் அந்த ஃபைலை யாரும் படிக்கப் போவதில்லை.

சரி, கார்டை இன்னும் ஒரே ஒரு முறை எழுதுவோம், இந்தமுறை சரியாக. ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற அவர்களுடைய சொந்த செயலியை அவர்கள் தளத்திலிருந்தே இறக்குங்கள். கணினியில் பழைய இமேஜர் இருந்தால் அதை விட்டுவிட்டுப் புதியதையே போடுங்கள். ஓஎஸ் தேர்வில் டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பை எடுங்கள். உங்கள் போர்டில் இருப்பது 512 எம்பி ரேம். டெஸ்க்டாப்பை அதில் ஏற்றினால் ஓடும், ஆனால் மூச்சு வாங்கும். மானிட்டரே இல்லாதபோது டெஸ்க்டாப் எதற்கு? கார்டில் எழுதும் முன் அமைப்புகளைக் கேட்கும் பக்கம் வரும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நமக்கு வேண்டியது முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஹோஸ்ட்நேம், அதாவது நெட்வொர்க்கில் பைக்கு உள்ள பெயர், கேட்கும். ராஸ்பெர்ரிபை என்ற இயல்பான பெயரை விட்டுவிட்டு உங்களுக்கென ஒன்று வையுங்கள். நாளை இரண்டாவது போர்டு வாங்கும்போது குழப்பம் வராது. யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுங்கள், ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வைஃபை பெயரை எழுத்து பிசகாமல் கொடுங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. நாட்டையோ அதன் தலைநகரையோ கேட்கும் இடத்தில் நீங்கள் இருக்கும் நாட்டுக்குரியதைத் தேர்ந்தெடுங்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. எந்த அலைவரிசையில் பேச அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கா என்று இருந்தால் 12, 13 ஆகிய சேனல்களை பை பயன்படுத்தாது. உங்கள் ரூட்டர் தானாக 13ஆம் சேனலுக்குப் போயிருந்தால் பையின் கண்ணுக்கு அது இல்லவே இல்லை. கடைசியாக, ரிமோட் ஆக்சஸ் பகுதியில் (பழைய இமேஜரில் இதன் பெயர் சர்வீசஸ்) எஸ்எஸ்எச்-ஐ ஆன் செய்யுங்கள்.

இந்த போர்டின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் பேசும், 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. முதல் ஸீரோ டபிள்யூவும் பை 3பி-யும் இப்படித்தான். 3பி பிளஸ் முதல் பெரிய போர்டுகளில் இரண்டும் உண்டு. இப்போதைய ஃபைபர் ரூட்டர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களை ஒளிபரப்பும், ஒன்றின் கடைசியில் 5ஜி என்று சேர்த்திருப்பார்கள். லேப்டாப் அந்த 5ஜி பெயரில் இருப்பதால் அதையே பைக்கும் கொடுத்துவிடுவது வழக்கமான விபத்து. ரூட்டர் ஒன்றுதான் என்பதால் லேப்டாப் 5இலும் பை 2.4இலும் இருந்தாலும் இரண்டும் பேசிக்கொள்ளும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ரூட்டரின் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-வையும் அனுமதிக்கும்படி மாற்றிவிடுங்கள்.

கார்டைப் போட்டு, பிடபிள்யூஆர் என்று எழுதியிருக்கும் ஓரத்து மைக்ரோ யூஎஸ்பி துளையில் மின்சாரம் கொடுங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியருக்குக் குறையாத சார்ஜர் வேண்டும். லேப்டாப்பின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுத்தால் பை கிளம்பிவிடும். வைஃபை தேடும் கணத்தில் இழுப்பு கூடும்போதுதான் தடுமாறும். முதல் தடவை கார்டு முழுவதற்கும் இடத்தை விரித்து, ஒருமுறை தானே ரீபூட் ஆகி எழுந்திருக்கும். ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். இரண்டாவது நிமிடத்திலேயே பொறுமை இழந்து பிளக்கைப் பிடுங்கினால் பாதியில் நின்ற கார்டுதான் கையில் மிஞ்சும்.

இப்போது லேப்டாப். விண்டோஸில் 2018 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து எஸ்எஸ்எச் உள்ளேயே இருக்கிறது. புட்டி என்ற தனி எஸ்எஸ்எச் செயலி நல்ல கருவிதான், ஆனால் இதற்காகத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. மேக், லினக்ஸ் இரண்டிலும் எப்போதும் உண்டு. டெர்மினலை (கட்டளைகளை டைப் செய்யும் திரையை) திறந்து எஸ்எஸ்எச் என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் யூசர்நேம், @ குறி, அதை ஒட்டியே ஹோஸ்ட்நேம், ஒரு புள்ளி, லோக்கல் என்று முடியுங்கள். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். கடைசியில் வரும் அந்த 'லோக்கல்' முக்கியம். வீட்டில் பெயர்களைப் பதிவு செய்து வைக்கும் சர்வர் இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் லேப்டாப் வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி "இந்தப் பெயர் யாருடையது?" என்று கூப்பிடுகிறது. பையில் ஓடும் அவாஹி என்ற சேவை "என்னுடையது, என் ஐபி முகவரி இது" என்று பதில் கொடுக்கிறது. எம்டிஎன்எஸ் என்பது இதுதான். லோக்கலை விட்டுவிட்டால் லேப்டாப் வேறு இடங்களில் போய்க் கேட்கும், அங்கே இந்தப் பெயர் பெரும்பாலும் தெரியாது.

எஸ்எஸ்எச் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கீழே பாதுகாப்பு பற்றிப் பேசும்போது உதவும். 1995இல் ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய அப்போது புழங்கிய டெல்நெட், பாஸ்வேர்டை அப்படியே வெளிப்படையாக அனுப்பும். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாடு யுலோனென் எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச்-ஐ எழுதினார். ஒரு கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் என்று ஒரு வாசல் எண் உண்டு. ஃபைல் அனுப்பும் எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் நடுவே காலியாக இருந்த 22ஆம் போர்ட்டைக் கேட்டு வாங்கினார். இன்றும் அதே 22தான்.

என் பதிலில் முக்கியமான இடம் இனிமேல்தான். இணைப்பு கிடைக்காதபோது லேப்டாப் ஒரு வரி சொல்கிறது. பலர் அதைப் படிக்காமலே "வேலை செய்யவில்லை" என்று கார்டை மறுபடி எழுதப் போகிறார்கள். உங்கள் கோரிக்கை எதுவரை போய் எங்கே நின்றது என்பதை அந்த ஒரு வரி கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிடும்.

"குட் நாட் ரிசால்வ் ஹோஸ்ட்நேம்" என்று வந்தால் பெயருக்கு யாருமே பதில் சொல்லவில்லை. பை வைஃபையில் இல்லை, அல்லது இருந்தும் அந்தக் கூப்பாடு அதன் காதுக்கு எட்டவில்லை. எது என்று பிரித்துப் பார்க்க பிரவுசரில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து டிஎச்சிபி பட்டியலை, அதாவது எந்தச் சாதனத்துக்கு எந்த ஐபி கொடுத்தது என்ற பட்டியலை, பாருங்கள். ரூட்டரின் முகவரி அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும். ரூட்டரின் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் ஃபிங் என்ற செயலியை போனில் போட்டு வீட்டு வைஃபையை ஸ்கேன் செய்யுங்கள். டிவி, போன், பிரிண்டர் எல்லாம் வரிசையாக வரும், அதில் ராஸ்பெர்ரி பை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பெயருக்குப் பதிலாக அந்த ஐபி எண்ணையே கொடுத்து எஸ்எஸ்எச் செய்யுங்கள், முடிந்தது. லேப்டாப்பில் அலுவலக விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் இருக்கும் பெயர்கள் தெரியாமல் போகும். அதை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள்.

பட்டியலிலேயே இல்லையென்றால் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதற்கு உங்கள் வீட்டு வைஃபையின் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் வையுங்கள். ஹாட்ஸ்பாட் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் பேண்ட் என்ற அமைப்பில் மாற்றலாம், ஐபோனில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை ஆன் செய்ய வேண்டும். வீட்டு ரூட்டரை ஆஃப் செய்துவிட்டு பையை மறுபடி கிளப்புங்கள். போனில் ஒரு சாதனம் இணைந்ததாகக் காட்டினால் கார்டிலும் போர்டிலும் குறையில்லை, ரூட்டர் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். காட்டவில்லையென்றால் கார்டில் எழுதிய பெயரோ பாஸ்வேர்டோ தவறு, அல்லது சார்ஜர் போதவில்லை. ஒரே சோதனையில் சந்தேகம் பாதியாகிவிடும். லேப்டாப்பையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்தால் அங்கிருந்தே உள்ளே போகவும் முடியும்.

"கனெக்‌ஷன் டைம்ட் அவுட்" என்பது வேறு கதை. முகவரி தெரிந்தது, அனுப்பினேன், பதிலே இல்லை என்கிறது. நேற்று இருந்த ஐபி இன்று மாறியிருக்கலாம். பை வைஃபையிலிருந்து விழுந்திருக்கலாம். ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்து அதில் பையைச் சேர்த்திருந்தால் இதுதான் வரும். விருந்தினர் சாதனங்கள் இணையத்தைப் பார்க்கலாம், வீட்டுக்குள் மற்ற சாதனங்களைப் பார்க்க விடமாட்டார்கள். சில ரூட்டர்களில் ஏபி ஐசொலேஷன் என்ற பெயரில் இதே தடுப்பு முக்கிய வைஃபைக்கும் இருக்கும். விடுதி, கல்லூரி வைஃபைகளில் இது ஏறக்குறைய நிச்சயம். அங்கே போன் ஹாட்ஸ்பாட்டே வழி.

"கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" வந்தால் நல்ல செய்தி. அந்த முகவரியில் ஒரு இயந்திரம் உயிரோடு இருக்கிறது, ஆனால் 22ஆம் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை என்று அதுவே பதில் சொல்லியிருக்கிறது. எஸ்எஸ்எச்-ஐ ஆன் செய்ய மறந்திருப்பீர்கள். அல்லது பை இன்னும் எழுந்துகொண்டிருக்கும், ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். அல்லது அந்த ஐபி பையினுடையதே அல்ல, டிவியினுடையது. எஸ்எஸ்எச் விட்டுப்போயிருந்தால் கார்டை முழுதாக எழுத வேண்டாம். லேப்டாப்பில் செருகி பூட் பகுதியைத் திறந்து, எஸ்எஸ்எச் என்ற ஆங்கில மூன்றெழுத்துப் பெயரில் காலி ஃபைல் ஒன்றைப் போட்டால் போதும். விண்டோஸ் பின்னால் டிஎக்ஸ்டி என்று வால் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பெர்மிஷன் டினைடு" என்றால் நெட்வொர்க் வேலை முழுக்க முடிந்துவிட்டது, வைஃபையை இனித் தொடவே வேண்டாம். யூசர்நேமோ பாஸ்வேர்டோ தவறு, அவ்வளவுதான். யூசரே உருவாக்காமல் விட்டிருந்தால், சரியான யூசர் அமைக்கப்படும் வரை எஸ்எஸ்எச் வேலை செய்யாமல் போகலாம் என்று பையே ஒரு அறிவிப்பு காட்டும். பாஸ்வேர்டு கேட்கும்போது நீங்கள் அடிக்கும் எழுத்து திரையில் தெரியாது, புள்ளியோ நட்சத்திரமோ கூட வராது. கீபோர்டு நின்றுவிட்டதென்று பயப்பட வேண்டாம். அடித்து முடித்து என்டர் தட்டுங்கள்.

நீங்கள் கார்டைப் பலமுறை எழுதியிருப்பதால் இன்னொன்றும் வரலாம்: திரை நிறைய @ குறிகளுடன், ஹோஸ்ட்டின் அடையாளம் மாறிவிட்டது என்று மிரட்டலான ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு பையும் முதல் தடவை கிளம்பும்போது தனக்கென ஒரு சாவியை உருவாக்கிக்கொள்கிறது. முதல் முறை இணையும்போது லேப்டாப் "இவரை நம்பலாமா?" என்று கேட்டு, நீங்கள் 'யெஸ்' என்று டைப் செய்ததும் அந்தச் சாவியின் அடையாளத்தை நோன்ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைலில் எழுதி வைக்கிறது. கார்டைப் புதிதாக எழுதினால் சாவியும் புதிது, பெயரோ பழையது. நடுவில் யாரோ வேஷம் போடுகிறார்கள் என்று லேப்டாப் சந்தேகிக்கிறது. நீங்களே கார்டை மாற்றியிருந்தால் எஸ்எஸ்எச்-கீஜென் கருவியில் மைனஸ் பெரிய ஆர் என்று கொடுத்து, பின்னால் அந்த ஹோஸ்ட்நேமையும் கொடுத்துப் பழைய பதிவை நீக்குங்கள். நீங்கள் எதையும் மாற்றாதபோது இந்த எச்சரிக்கை வந்தால் மட்டும் நின்று யோசியுங்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை, ரூட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் பையின் மேக் முகவரிக்கு (அதன் வைஃபைக்கென உள்ள தனி அடையாள எண்ணுக்கு) ஒரு ஐபியை ஒதுக்கிவிடுவது. கரண்ட் போய் வந்து ரூட்டர் புதிதாக முகவரிகளைப் பங்கிட்டாலும் பைக்கு அதே எண் கிடைக்கும். பைக்குள்ளேயே நிலையான ஐபி எழுதுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ரூட்டர் அதே எண்ணை வேறு போனுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் மோதும், காரணம் கண்டுபிடிக்க நாள் ஆகும்.

சும்மா விட்டு அரை மணி கழித்து வந்தால் எழுத்துகள் தாமதமாக வருகின்றன, அல்லது இணைப்பு உறைந்துவிடுகிறது என்றால் வைஃபையின் பவர்சேவ் (மின்சார சேமிப்பு) மேல் சந்தேகப்படுங்கள். நெட்வொர்க்மேனேஜரின் என்எம்சிஎல்ஐ கருவியில், அந்த வைஃபை இணைப்பின் பவர்சேவ் மதிப்பை 2 என்று வைத்தால் நிரந்தரமாக ஆஃப். நீளமான வேலை எதையும் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் ஓட்டுங்கள். இணைப்பு அறுந்தாலும் வேலை உள்ளே தொடரும், திரும்ப வந்து விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். நிறுத்தும்போது பிளக்கைப் பிடுங்காமல் சூடோ பவர்ஆஃப் என்ற கட்டளை கொடுத்து நிறுத்துங்கள். கார்டு கெடுவதற்கு எழுதும் நேரத்தில் மின்சாரம் போவது ஒரு முக்கியக் காரணம்.

பாஸ்வேர்டுக்குப் பதில் சாவியைப் பயன்படுத்தப் பழகுங்கள். லேப்டாப்பில் எஸ்எஸ்எச்-கீஜென் ஓட்டினால் இரண்டு ஃபைல்கள் வரும். பப் என்று முடிவது பொதுச்சாவி, அதைப் பைக்குக் கொடுக்கலாம், இமேஜரிலேயே அதற்கு இடம் இருக்கிறது. மற்றது உங்கள் லேப்டாப்பை விட்டு வெளியே போகக் கூடாது. சாவியால் உள்ளே போக முடிகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு பாஸ்வேர்டு நுழைவை மூடிவிடுங்கள். வரிசையை மாற்றிவிடாதீர்கள், மானிட்டர் இல்லாத போர்டில் வெளியே நின்று கதவைப் பூட்டிக்கொண்ட கதையாகிவிடும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 2017இல் ராஸ்பெர்ரி பைகளையே குறிவைத்து ஒரு தீநிரல் பரவியது. 22ஆம் போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்து, பழைய 'பை', 'ராஸ்பெர்ரி' ஜோடியும் மாற்றப்படாமல் இருந்த போர்டுகளுக்குள் புகுந்து, பாஸ்வேர்டை மாற்றி, கிரிப்டோ நாணயம் தோண்ட வைத்தது. அங்கிருந்தே அடுத்த பைகளைத் தேடியது. ஆகவே வெளியூரிலிருந்து பையை அடைய ஆசைப்பட்டு ரூட்டரில் 22ஐ போர்ட் ஃபார்வர்ட் செய்யாதீர்கள், அதாவது இணையத்திலிருந்து வரும் இணைப்பைப் பைக்குத் திருப்பிவிடாதீர்கள். திறந்தால் சில மணி நேரத்திலேயே உலகெங்கிலுமிருந்து யாரோ கதவைத் தட்டிப் பார்ப்பது பையின் பதிவுக் குறிப்பில் (லாக்) தெரியும்.

பல வீடுகளில் அது நடக்கவும் நடக்காது. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN) ஐபி என்று இருப்பதை, அதாவது இணையத்தின் பக்கம் அதற்குள்ள முகவரியை, பாருங்கள். அது 100.64க்கும் 100.127க்கும் இடையில் ஆரம்பித்தால் உங்களுக்கெனப் பொது முகவரி இல்லை, இணைய நிறுவனம் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்கிறது. வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு உங்கள் வீட்டுக்கு வழியே தெரியாது. இதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. பையிலும் லேப்டாப்பிலும் டெயில்ஸ்கேல் என்ற செயலியை நிறுவி ஒரே கணக்கில் சேர்த்தால், எங்கிருந்தாலும் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது போல எஸ்எஸ்எச் செய்யலாம். இன்னொன்று, 2024 மே மாதம் வெளியான ராஸ்பெர்ரி பை கனெக்ட். பிரவுசரிலேயே டெர்மினல் திறக்கும். லைட் ஓஎஸ்ஸுக்கென அதில் தனிச் சின்னப் பதிப்பு உண்டு, டெஸ்க்டாப் பகிர்வு இல்லாமல் டெர்மினல் மட்டும். உங்கள் 512 எம்பி போர்டுக்கு அதுவே பொருத்தம். எப்போதாவது வெளியூரிலிருந்து எட்டிப்பார்க்க மட்டும் என்றால் கனெக்ட் போதும். ஃபைல் அனுப்புவது, பையில் ஓடும் வெப் பக்கத்தைப் பார்ப்பது என்று தினமும் வேலை இருந்தால் டெயில்ஸ்கேல் போடுங்கள்.